படிக்கல் அத்தியாயம்

வந்தவர் உட்காரவில்லை. கையிலிருந்த உறையை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பதை நெருங்கும் வரலாற்றுப் பேராசிரியை. மழையில் நடந்தே வந்திருக்க வேண்டும், செருப்பெல்லாம் சேறு.

"என் மாணவி ஒருத்திய காலேஜ விட்டு நிறுத்திட்டாங்க சார். ஆராய்ச்சி அத்தியாயத்த அவ எழுதலையாம், மிஷின் எழுதிச்சாம். அவதான் எழுதினான்னு எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் தெரியல."

அவர் தேடி வந்தவரை ஊரில் லென்ஸ்காரர் என்பார்கள். கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது தொழில். ஜனங்கள் கையால் எழுதுவதையே விட்ட பிறகு தொழில் படுத்துவிட்டது. துணைக்கு மனைவியின் தம்பி. போட்டோ ஸ்டுடியோவை மூடிவிட்டு வந்து சேர்ந்தவர். வழக்கு என்று ஒன்று வந்தால் காப்பி ஆறுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவார், பெரும்பாலும் தவறான ஆளை.

"அத்தியாயம் எதப் பத்தி?" என்றார் லென்ஸ்காரர்.

"படிக்கல் பத்தி. சந்தைத் தராசுல வைக்கிற எடைக்கல் இருக்கே, அது. அடியக் குடைஞ்சு எடையக் குறைச்ச வியாபாரிங்க, அதக் கண்டுபிடிச்ச பொம்பளைங்க. சந்தை சந்தையா அலைஞ்சு கேட்டு எழுதினா. அவ அப்பாவே தக்காளி விக்கிறவர்தான்."

"மிஷின் எழுதிச்சுன்னு சொன்னது யாரு?"

"எங்க இயற்பியல், பொருளியல், வணிகவியல் பேராசிரியருங்க. ஆசிரியர்களுக்கு ஏ.ஐ. எவ்வளவு தெரியும்னு போன மாசம் ஒரு தேர்வு வச்சாங்க. முதல் மூணு இடம் இவங்களுக்கு. அதனால இவங்களையே குழுவாப் போட்டுட்டாங்க. மூணு பேரும் தனித்தனியாப் பார்த்து ஒரே முடிவச் சொல்றாங்க. நான் எந்தச் சுவர்ல போய் முட்டிக்க?"

"சதி அத்தான்!" என்றார் மைத்துனர். "ஒருத்தர் எழுத, மத்த ரெண்டு பேரும் அதப் பார்த்து எழுதிட்டாங்க."

"அவசரப்படாத மாப்ள."

லென்ஸ்காரர் உறையைப் பிரித்து, அதிலிருந்த மூன்று பேரின் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாக்கியங்கள் ஒன்றுபோல் இல்லை. பார்த்து எழுதியதில்லை. 'ஏற்ற இறக்கங்களை இவ்வளவு சீராக வருணிப்பது மனித நடையல்ல' என்றது ஒன்று. 'கட்டுமானப் பொருள்கள் பற்றிய பகுதியில் உணர்ச்சியே இல்லை' என்றது அடுத்தது. 'நிலை நிலையாக மேலே செல்லும் அமைப்பு இயந்திரத்துக்கே உரியது' என்று முடிந்தது மூன்றாவது. அவர் இரண்டாவதை மறுபடி படித்தார்.

"சந்தைக் கதையில கட்டுமானப் பொருள் எங்கம்மா வருது?"

பேராசிரியை யோசித்தார். "வராதே சார்."

"அவங்களுக்குக் குடுத்த கோப்பு இருக்கா?"

பேராசிரியையின் கைப்பேசியில் இருந்தது. மைத்துனர் வாங்கி விரலால் பெரிதாக்கினார். "பக்கமெல்லாம் கோணலா இருக்கே. இதுல இருக்கறது எழுத்து இல்ல அத்தான், எழுத்தப் பிடிச்ச படம்."

"அவ அச்சடிச்சுதான் குடுத்தா. ஆபீஸ்ல ஸ்கேன் பண்ணாங்க" என்றார் பேராசிரியை.

லென்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாப்ள, உன் வீட்டுச் சுவர ஒரு படம் எடு. கோப்புக்குப் பேரு மட்டும் இதுல இருக்கற மாதிரியே 'படிக்கல்'னு வை."

"சுவரையா? மூளைகீளை கலங்கிடுச்சா அத்தான்?"

"வெறுஞ்சுவரா இருக்கணும். ஆணிகூட இருக்கக் கூடாது."

மறுநாள் காலை முதல்வர் அறையில் எல்லோரும் கூடினார்கள். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. லென்ஸ்காரர் வணிகவியல் பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"அய்யா, அந்த அத்தியாயத்துல வர்ற படிக்கல் எதுல செஞ்சது?"

"கருங்கல்லு. சில இடத்துல மரமும் உண்டு."

"மரத்துல படிக்கல்லா?"

"ஏன், மாடிப்படி மரத்துல இருக்காதா?"

வரலாற்றுப் பேராசிரியையின் கை வாய்க்குப் போனது. பொருளியல் பேராசிரியர் உதவிக்கு வந்தார்: "மழையில வழுக்காம இருக்கக் கோடு போடறதப் பத்தியும் வருதே."

"படிக்கல்லுக்கு ரெண்டு அர்த்தம்" என்றார் லென்ஸ்காரர். "ஏறுற கல்லு, எடை போடுற கல்லு. முதல் பக்கத்தப் புரட்டினவங்களுக்கு எடைக்கல்னு தெரிஞ்சிருக்கும். தலைப்ப மட்டும் பார்த்தா மாடிப்படிதான் தோணும். நீங்க யாருமே படிக்கல."

மைத்துனர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"கோப்ப மிஷின்கிட்ட குடுத்து, இது நீ எழுதினதான்னு கேட்டீங்க. உங்க காலேஜ் வாங்கின மிஷினுக்குப் படத்துல இருக்கற எழுத்து தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது கோப்போட பேரு ஒண்ணுதான். வாசிக்க முடியலன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. கேட்ட கேள்விக்கு ஏத்த மாதிரி ஒரு பதிலக் கட்டிக் குடுத்துடுச்சு."

"அப்படியெல்லாம் செய்யுமா?" என்றார் முதல்வர்.

மைத்துனர் சுவர்ப் படத்தை முதல்வரின் கணினியில் ஏற்றி அதே கேள்வியைக் கேட்டார். கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வந்தது. முதல்வர் அதை உரக்க வாசித்தார்: "'இந்த அத்தியாயம் இயந்திரம் எழுதியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படிக்கட்டுகளின் அமைப்பை...'" பாதியில் நிறுத்தி, திரையை மூன்று பேராசிரியர்கள் பக்கம் திருப்பினார்.

"தேர்வுல முதல் மூணு இடமாச்சே நீங்க!"

"அந்தத் தேர்வையும் அதுகிட்டதான் குடுத்தேன் சார்" என்றார் இயற்பியல் பேராசிரியர். மற்ற இருவரும் தலை நிமிரவில்லை. "ஒரு மத்தியானம் பயிற்சின்னு கூப்பிட்டாங்க. மிஷின விக்க வந்தவர் அத வச்சு ஒரு கேள்வித்தாள் தயாரிச்சுக் காட்டினார், நாம கைதட்டினோம். இது தப்பா சொல்லுமான்னு கேக்க நெனச்சேன். இத்தன வருஷம் பாடம் நடத்தினவனுக்கு இதுகூடத் தெரியலையான்னு சிரிப்பாங்களோன்னு பேசாம இருந்துட்டேன். ஒரு பொண்ணோட படிப்புல மண்ணப் போட்டுட்டேன்."

முதல்வர் நெற்றியைத் தேய்த்தார். "உத்தரவ ரத்து பண்றேன்."

"குழுவையும் மாத்துங்க சார்" என்றார் வரலாற்றுப் பேராசிரியை.

"யாரப் போடச் சொல்றீங்க? மத்தவங்க எல்லாம் இவங்களவிடக் கம்மி மார்க்கு."

"முதல்ல எங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்றார் இயற்பியல் பேராசிரியர்.

"யாரு சொல்லிக் குடுக்கறது?" முதல்வரின் பார்வை அறையைச் சுற்றிவந்து லென்ஸ்காரர் மேல் நின்றது.

"என்னப் பார்க்காதீங்க சார். நான் வெறும் கையெழுத்துக்காரன். இவங்க படிக்கலன்னு காட்ட முடிஞ்சுது. அந்தப் பொண்ணுதான் எழுதினான்னு காட்ட எங்கிட்டயும் வழி இல்ல. ஒரே சீரான அச்செழுத்து. அதுல யாரோட விரல்னு நான் தேட?"

வரலாற்றுப் பேராசிரியை கைப்பேசியில் மாணவியைக் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார். மறுமுனையில் சந்தை இரைந்தது.

"ரத்தாயிடுச்சும்மா. நாளைக்கே வந்துடு."

"சரிங்க மேடம்." மகிழ்ச்சியா இல்லையா என்று தெரியாத குரல். "அடுத்த அத்தியாயத்தப் பார்க்கப் போறதும் இதே சாருங்கதானா?"

பேராசிரியை முதல்வரைப் பார்த்தார். "ஆமாம்மா. இப்போதைக்கு."

"அத எப்படி எழுதணும் மேடம்?"

"எப்பவும் போல எழுது."

"எப்பவும் போலத்தானே மேடம் இதையும் எழுதினேன்." யாரோ விலை கேட்டார்கள், அவள் பதில் சொல்லிவிட்டு வந்தாள். "நான்தான் எழுதினேன்னு அவங்களுக்குத் தெரியணுமே. கொஞ்சம் தப்புத் தப்பா எழுதட்டுமா?"