பார்க்காமல் வரைந்த ரயில்

கடையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட். அதன் மேல் ஒரே நேரத்தில் இரண்டு கைகள்... ஒன்று அவளுடையது. இன்னொன்று, நகக்கண்ணில் நீல பெயின்ட் ஒட்டியிருந்த ஓர் ஆணின் கை.

"நான்தாங்க முதல்ல எடுத்தேன்," என்றாள்.

"எடுத்தீங்களா, தொட்டீங்களா?"

சுள்ளென்று நிமிர்ந்தாள். மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி. அதற்குக் கீழே, தூக்கம் கெட்ட இரண்டு கண்கள்... வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது.

"பிஸ்கட்டை நீங்களே வெச்சுக்கங்க. உள்ள இலவசமா ஒரு ரயில் பொம்மை இருக்கில்ல, எனக்கு அது போதும்."

"எனக்கும் அதுதாங்க வேணும். பிஸ்கட்டை யார் தின்னுவா?"

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் என்ன வயசாகுது?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். மழை விடுகிற வரை பேசத்தானே வேண்டும்? சிறுவர் நூலகத்தில் கதை வாசிப்பவள் அவள். பிள்ளைகளுக்குக் 'கதை அக்கா'. விளம்பரங்களைப் பற்றி அவளே எழுதி வரைந்த படக்கதையை நாளை வாசிக்கப் போகிறாள். கடைசியில் நிஜ பாக்கெட்டைப் பிரித்து, படத்தையும் பொம்மையையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும்.

"நாளைக்கு நாலு மணிக்கு நூலகத்துக்கு வாங்க. கதை முடிஞ்சதும் ரயிலை நீங்களே எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

"சரிங்க, கதை..." என்று நிறுத்தினான். "மன்னிச்சிருங்க, அக்கான்னு சொல்ல வாய் வரல."

சிரிப்பை மறைக்க அவள் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் தன் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தான். ஏழு வயது இருக்கும். மாமனின் கையை உதறிவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தது. அவனோ கடைசியில், சுவரோரமாக நின்றான். அவன் வந்துவிட்டான் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது... குரலில் ஓர் உற்சாகம்.

கதையில் ஓர் எலி. இலவச ரயிலுக்கு ஆசைப்பட்டுப் பன்னிரண்டு பாக்கெட் தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும். ரயில் படத்தை வரைந்து எலியை மயக்கியது யார்? பக்கத்தைத் திருப்பினாள். கூர் மூக்கும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு நரி. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

பிறகு பாக்கெட்டைப் பிரித்தாள். அட்டையில், புகை விட்டுக்கொண்டு, ஜன்னலெல்லாம் விளக்கெரிய, பாலத்தில் பாய்கிற ரயில். உள்ளே இருந்ததோ அவள் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. சக்கரம் சுற்றவும் இல்லை.

"அதை வரைஞ்சது எங்க மாமா," என்றது அந்தக் குட்டி. "எங்க வீட்டுக்கும் இதே குட்டி ரயில்தான் வந்துச்சு. நான் மாமாகிட்ட பேசறதில்ல." கொஞ்சம் யோசித்து, "அப்ப எங்க மாமா நரியா, அக்கா?" என்று கேட்டது.

அவள் சட்டென்று நரிப் பக்கத்தை மூடினாள். அவன்தான் முன்னால் வந்தான். "நான் வரைஞ்சதுதாங்க. பொம்மையை எனக்குக் காட்டவே இல்ல. ரயில்னு மட்டும் சொன்னாங்க. எல்லாமே இப்படித்தான் வருதான்னு பாக்கத்தான் நேத்து கடைக்கு வந்தேன்." முகம் சிவந்திருந்தது. "பாத்துட்டேன். நரி கெளம்புதுங்க."

அவன் கூப்பிட்ட பிறகும் குட்டி நாலடி தள்ளித்தான் நடந்தது. ரயில் பொம்மை அவள் மேசையிலேயே கிடந்தது.

நான் என்ன தப்பு பண்ணினேன்? உள்ளதைத்தானே சொன்னேன்... இரண்டு நாள் இப்படியே வீம்பாக இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் நரி இருந்த பக்கத்தைத் திருப்பினாள். இந்த மூக்கை எங்கே பார்த்தேன்? எங்கேயும் இல்லை. விளம்பரம் வரைகிற ஒருவரைக்கூட அவள் அதுவரை சந்தித்ததில்லையே.

கதை கேட்க வந்த அன்று நிரப்பிய நூலக உறுப்பினர் படிவத்தில் குட்டியின் முகவரி இருந்தது. மாலையில் போய்க் கதவைத் தட்டினாள். குட்டிதான் திறந்தது. அதற்குப் பின்னால் அவன்.

"குட்டி, உங்க மாமா செஞ்ச அதே தப்பைத்தான் நானும் செஞ்சிருக்கேன். ஆளைப் பாக்காமயே நரின்னு வரைஞ்சுட்டேன். இப்ப பாத்து வரைய வந்திருக்கேன்."

அவன் வழிவிட்டான். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குட்டி அவள் தோள்மேல் சாய்ந்து மேற்பார்வை பார்த்தது. "மூக்கு அவ்ளோ கூர் இல்லக்கா." மாமன் பக்கம் திரும்பி, "மாமா, அசையாம இரு," என்றது.

ஒரு வாரத்துக்குப் பிறகு காதில் விழுந்த 'மாமா'. அவன் கண்கள் நிறைந்துவிட்டன. அந்தக் கண்களைத்தான் அவளால் வரையவே முடியவில்லை... மூன்று முறை அழித்துவிட்டாள்.

"நீங்க இப்படிப் பாத்துட்டே இருந்தா நான் எப்படி வரையறது?"

"எதையும் பெரிசாக்கித்தாங்க எனக்குப் பழக்கம். இதைப் பெரிசாக்காம சொல்றேன்..." குரல் தாழ்ந்தது. "உங்களைப் பிடிச்சிருக்கு."

பென்சில் நின்றது. தலை தானாகக் குனிந்துகொண்டது.

"எனக்கும்தான்," என்று காகிதத்திடம் சொன்னாள். சொல்லிவிட்டு, நிமிராமலே மளமளவென்று கண்ணை வரையத் தொடங்கினாள்.

"அக்கா," என்றது குட்டி கண்டிப்பாக. "பாக்காம வரையாதீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.