புல்வெளிக்குக் கீழே ஒரு கிணறு

கிருஷ்ணனின் உடலைக் கிணற்றிலிருந்து தூக்கிச் சரியாகப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஷோபனாவின் போன் அடித்தது.

கஜபதி! 'தணிகை தரிசன நகர்' மனைகளின் முதலாளி.

"இன்னாம்மா, வீடியோ முடிஞ்சுதா? நாளிக்கு ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டம் பூரா பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போவும். பெரிய ஸ்கிரீன் கட்டிட்டேன்."

"முடிஞ்சுது சார்."

"வீடியோல அந்தக் கிருஷ்ணன் கெணறு... எடுத்துட்டியா?"



"எடுத்துட்டேன். மேல புல்வெளி போட்டுட்டேன்."

"தென்மேற்குல கெணறு இருந்தா வாஸ்து பாக்கறவன் சைட்டுக்குள்ள காலே வெக்க மாட்டான். சரி, ஒரிஜினல் இன்னும் வெச்சுகினு இருக்கியா?"

ஷோபனா கைப்பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அழிச்சிடு. கிருஷ்ணன் மச்சான் பூபாலன், அவன்தான் தள்ளிட்டான்னு உள்ள வெச்சிருக்காங்க. எனக்கு எந்த வம்பும் வாணாம்."

போன் அடங்கியது.

லேப்டாப் திரையில் பச்சைப் புல்வெளி. புல்வெளிக்குக் கீழே கிணறு. கிணற்றுக்குள்...

லேப்டாப்பை மூடினாள்.

ஷோபனாவுக்கு இருபத்து மூன்று வயது. பி.எஸ்சி. இயற்பியல். நாலு பேர் முன்னால் பேச வராது. ட்ரோன் பிடித்துப்போனதே அதனால்தான். அது பறக்கும், பார்க்கும், யாரோடும் பேச வேண்டியதில்லை. தரையில் நின்றால் தணிகை மலை தெரியாத மனைக்கெல்லாம் ட்ரோனை மேலே ஏற்றிக் கோபுரத்தைக் காட்டி விற்றுக் கொடுத்தாள்.

வெட்கப்பட வேண்டிய வேலைதான்.

ஆனால் இன்று உடம்பு கூசுவது அதற்காக இல்லை.

பூபாலன் தள்ளவில்லை. அது அவளுக்குத் தெரியும். கைப்பையில், விபூதிப் பொட்டலத்துக்குள் மடித்து வைத்திருக்கும் மெமரி கார்டுக்கும் தெரியும். அதைக் காட்டினால் பூபாலன் வெளியே வருவான்.

காட்டினால்... இன்னொன்றும் வெளியே வரும்.

போன் மறுபடி அடித்தது. புது நம்பர்.

"நேத்து அந்த லேஅவுட்ல ட்ரோன் வுட்டது நீதானம்மா? நான் இன்ஸ்பெக்டர் தமயந்தி. லேப்டாப்ப எடுத்துகினு ஸ்டேஷனுக்கு வா."

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சுலோச்சனா... கிருஷ்ணனின் மனைவி. ஆஸ்பத்திரியில் புருஷன் உடல். லாக்கப்பில் தம்பி. இரண்டுக்கும் நடுவில் அவள்.

"யம்மா, நீதான ட்ரோன் பொண்ணு?"

"ஆங்."

"உன்னப் பத்தி சொல்லிகினே இருப்பாரும்மா. ட்ரோன் மேல வந்தா துண்ட ஆட்டுவாராம். அதுவும் பதிலுக்கு ரெண்டு தபா எறங்கி ஏறுமாம். 'எனக்கு வணக்கம் வெக்குது சுலோ'ன்னு ஊட்டுக்கு வந்து சிரிப்பாரு. நெலத்தக் குடுக்க மாட்டன்னாரே தவிர, உன் ட்ரோன் மேல அவருக்குக் கோவமே இல்ல."

ஷோபனா தன் செருப்பைப் பார்த்தாள். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

உள்ளே விசாரணை.

"கெணத்தாண்ட சண்டை போட்டியா, இல்லியா?" தமயந்தி கேட்டாள்.

"போட்டன் மேடம்," கம்பிக்குப் பின்னாலிருந்து பூபாலன். "அக்கா புருஷனாச்சேன்னு, 'வித்துடலாம் பாவா'ன்னேன். மாட்டேன்னாரு. கெளம்பி வந்துட்டேன்."

"தள்ளிட்டு வந்தியா, தள்ளாம வந்தியா?"

"தள்ளிகினுதான் வந்தேன் மேடம்."

ஏட்டு நிமிர்ந்தார்.

"வண்டிய. பெட்ரோல் இல்ல."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்தது. தமயந்திக்கு வரவில்லை.

"சாயந்தரம் கோர்ட்டு. ஜட்ஜ் கிட்ட இந்த ஜோக்க சொல்லு, சிரிப்பாரு." ஷோபனா பக்கம் திரும்பினாள். "நீ வீடியோவப் போடும்மா."

புல்வெளி ஓடியது. குழந்தைகள் சறுக்கு மரம். தூரத்தில் கோபுரம்.

"கெணறு எங்க?"

"எடுத்துட்டேன் மேடம். வாஸ்துக்காக."

"நல்லா இருக்கு. பொணத்தக் காணோம்னு கேஸ் பாத்திருக்கேன். கெணத்தையே காணோம்னு இப்பதான் பாக்கறேன். ஒரிஜினல் இருக்கா?"

'அழிச்சிட்டேன்.'

ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் யாரும் தோண்டப் போவதில்லை. கஜபதியும் அதைத்தானே செய்யச் சொன்னார்?

"அக்கா..." லாக்கப்பிலிருந்து பூபாலன். "பாவாவ சுடுகாட்டுக்கு எடுக்கறதுக்குள்ள என்ன வுட்ருவாங்களாக்கா?"

வாசல்படியில் நின்ற சுலோச்சனா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஷோபனா கைப்பையைத் திறந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். கார்டில் ஒட்டியிருந்த விபூதியை ஊதினாள்.

"இருக்கு மேடம்."

படம் ஓடியது.

கிணற்று மேட்டில் கிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். தனியாக, உயிரோடு. மண் ரோட்டில் ஒருவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனான். பூபாலன்!

ட்ரோன் மலைப் பக்கம் போய்க் கோபுரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பியது.

பூபாலன் இப்போது மெயின் ரோட்டில், கடுகளவு. கிணற்று மேடு காலி. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை.

கிணற்றுக்குள்...

"நிறுத்து. பெருசாக்கு."

மோட்டார் குழாயை ஒரு கை பிடித்திருந்தது. இன்னொரு கை மேலே நீண்டிருந்தது. வாய் திறந்திருந்தது.

ட்ரோனுக்குக் கண் உண்டு. காது கிடையாது.

தமயந்தி பெருமூச்சு விட்டாள்.

"மோட்டார் பாக்க எறங்கி பாசியில வழுக்கியிருக்காரு. அதான் கால் முறிஞ்சிருக்கு. ஏட்டு, அவன வெளிய வுடுங்க. நெசமாவே வண்டியத்தான் தள்ளியிருக்கான்."

பூட்டு திறந்தது. பூபாலன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கொலை இல்லை. கொலைகாரனும் இல்லை. ஷோபனா லேப்டாப்பை மூடப் போனாள்.

"இரு." தமயந்தியின் விரல் திரையைத் தொட்டது; நின்ற படம் மறுபடி ஓடியது. "அவரு கைய ஆட்டறாரு. ஒடனே படம் ரெண்டு தபா எறங்கி ஏறுது. அப்பறம் நேரா போயிடுது. இன்னா அது, காத்தா?"

காத்து என்று சொல்லலாம். இயற்பியல் படித்தவள் சொன்னால் நம்புவார்கள்.

சுலோச்சனாவின் அழுகை நின்றது. அவள் திரையைப் பார்த்தாள். பிறகு ஷோபனாவைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. காத்துதான?"

நாலு பேர் முன்னால் ஷோபனா வாயைத் திறந்தாள்.

"காத்து இல்லக்கா. கையில இருந்த ஸ்கிரீன்ல சின்னதாத்தான் தெரிஞ்சாரு. குளிச்சுகினு இருக்காரு, எப்பவும்போல கைய ஆட்டறாருன்னு நெனச்சேன்..."

சுலோச்சனாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதிலுக்கு வணக்கம் வெச்சுட்டுப் போயிட்டேன்."