மஞ்சள் நூல் கட்டிய மோட்டார் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, தினத்தாளில் சுற்றிய பிரேக் கேபிள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அழகம்மா கிளிநொச்சியில் ஐயாத்துரையின் வீட்டுப் படலையைத் திறந்தாள். இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஐயா, இன்னைக்கு மூணு மணிக்கு எம் புருசனைக் கொன்னுடுவாங்க," என்றாள்.

ஐயாத்துரை, விபத்துக்குள்ளான வாகனங்களைப் பார்த்து இன்சூரன்ஸ்காரருக்கு அறிக்கை எழுதுபவர். எதற்கும் பதறமாட்டார். பதறுகிற வேலையை அவருடைய மனைவி கமலாசனி குறைவில்லாமல் பார்த்துக்கொண்டாள். குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து, "ஆர் பிள்ளை? ஆர் கொல்லப்போறான்?" என்றாள்.

"கதிர்காமநாதன்தாம்மா. வேற யாரு?"

இது ஊரறிந்த பகை. பொன்னையாவின் கராஜில் பந்தய மோட்டார் சைக்கிள்கள் இரண்டு. இரண்டும் ஒரே அச்சு, ஒரே சிவப்பு. ஒன்றை அழகம்மாவின் புருசன் செல்வராசா ஓட்டினான், மற்றதைக் கதிர்காமநாதன். தீவிலேயே முன்னணி ஓட்டக்காரர் இருவரும். ஒரே அணி, ஒரே சட்டை, ஆனால் முகத்துக்கு முகம் பார்க்கமாட்டார்கள். இன்று மூன்று மணிக்கு விசுவமடுத் தேர்வோட்டத்தில் முந்துகிறவன் மதராஸ் பந்தயத்துக்குப் போவான். மற்றவன் கராஜிலேயே கிடந்து டயர் கழற்றவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சியில் செல்வராசாவுக்கு முன் பிரேக் பிடிக்கவில்லை. குளக்கட்டு வளைவில் தூக்கி எறியப்பட்டவன், சேற்றில் விழுந்ததால் தப்பினான்.

"வியாழக்கெழம மத்தியானம் மாரியம்மன் கோயில் மஞ்சள் நூலை அவரு வண்டியில, சீட்டுக்குக் கீழ நானே கட்டினேன். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. விழுந்த வண்டியில அந்த நூலைக் காணோம். கேபிள்ல இருந்த கிரீசைத் துடைச்சுப் பாத்தா, பாவி, கம்பியை முக்காவாசி அறுத்துட்டு, ரப்பர் உறையால மூடி, அந்த நூலாலயே கட்டியிருக்கான். அம்மன் நூலை! அவருக்குக் காட்டாமதான் எடுத்துட்டு வந்தேன்."

"சந்தேகமே இல்லை, அவன்தான்! இஞ்சாருங்கோ, எழும்புங்கோ, பொலிசுக்குப் போவம்," என்று கமலாசனி குதித்தாள்.

ஐயாத்துரை நூலை வெளிச்சத்தில் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்தார். "ஒருக்கா இறுக்கிக் கட்டி அவிழ்த்த நூலெண்டால் அந்த இடம் மடிஞ்சு கிடக்கும். இதிலை கேபிளிலை கட்டின முடிச்சைத் தவிர வேறை தடம் இல்லை. முதல்லை கராஜைப் பாப்பம்."

கார் கராஜுக்குப் புறப்பட்டது. ஓட்டத்துக்கு இன்னும் நான்கு மணித்தியாலம்கூட இல்லை.

கராஜில் எல்லோரும் புறப்படத் தயாராக நின்றார்கள். கமலாசனிக்கு வாய் பொறுக்குமா? நேரே கதிர்காமநாதனிடம் போய், "தம்பி, நீர்தானே கேபிளை அறுத்தது?" என்றாள். அவன் முகம் சிவந்தது. அதற்குள் ஐயாத்துரை அவனுடைய மோட்டார் சைக்கிளின் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வாங்கோ. இது ஆற்றை முடிச்சு?"

அழகம்மா குனிந்தாள். மஞ்சள் நூல், மூன்று முடிச்சு, அவள் கட்டியபடியே இருந்தது. "என் நூல்தாங்க. இது எப்படி இவரு வண்டியில?"

"எனக்கு உந்தக் கதையளுக்கு நேரமில்லை அண்ணை," என்று கதிர்காமநாதன் வண்டியைக் கோபத்தோடு முற்றத்துக்கு உருட்டிப்போனான். செல்வராசா மூலையில் தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டேயிருந்தான்.

"பொன்னையா அண்ணை, நீங்கள்தான் சொல்லவேணும்," என்றார் ஐயாத்துரை.

பொன்னையாவுக்கு வியர்த்து ஊற்றியது. "செல்வராசான்ரை எஞ்சின் கொஞ்சம் திறம். கதிர் போனால்தான் மதராசிலை வெல்லலாம் எண்டு நினைச்சன். வியாழன் பின்னேரம் இவங்கள் போனாப்பிறகு பெற்றோல் தாங்கியையும் இலக்கத் தகட்டையும் மாறிப் பூட்டிவிட்டன். செல்வராசான்ரை வண்டி கதிருக்கு, கதிரின்ரை வண்டி செல்வராசாவுக்கு. ரெண்டு பேருக்கும் சொல்லேல்லை."

"பிறகு?"

"அந்தக் கையோடை கராஜைப் பூட்டினன். வெள்ளி காலமை நான்தான் திறந்தனான்."

"அப்பிடியெண்டால் கேபிளை அறுத்தது மாத்துறதுக்கு முதல். அப்ப அது கதிர்காமநாதன்ரை வண்டி. தன்ரை வண்டியை அவனே அறுப்பானோ?" ஐயாத்துரை அழகம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "நீங்கள் கட்டின நூல் முழுசாய் அங்கை கிடக்கு. அப்ப கேபிளிலை இருந்தது எது, பிள்ளை? கட்டின மிச்சத்தை என்ன செய்தனீங்கள்?"

"மிச்சத்தைக் கீழ போடக்கூடாதுன்னு அவரு சட்டைப் பையில..."

ஐயோ, இதைக் கேட்கவா இவரைத் தேடிப் போனேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். கமலாசனி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

செல்வராசா தலைக்கவசத்தைக் கீழே வைத்தான். "கை கால் ஒடஞ்சா போதும்னுதான் செஞ்சேன், அழகு. சாகணும்னு இல்ல. எழுபத்தேழு கலவரத்துல மலைநாட்டுல இருந்து உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடிவந்தோம். இங்கயும் நான் ரெண்டாவது ஆளுதான்னு முதலாளி மூஞ்சியில தெரிஞ்சுச்சு. ஆத்திரத்துல கைக்கு அகப்பட்டதை வச்சுக் கட்டிட்டேன்."

"வெள்ளிக்கிழமை நீ விழுந்தபோது என்ன நினைச்சாய்?" என்று கேட்டார் ஐயாத்துரை.

"அவனும் என்னை மாதிரியே என் வண்டியை அறுத்துட்டான்னு நெனச்சேன். ரெண்டு நாளா தூக்கமில்ல. இன்னைக்கு அவன் என்னை முடிச்சிருவான்னு..."

"உன்னை முடிக்கப்போறான் எண்டு பயந்த நீ, அவன்ரை வண்டியைச் சும்மா விட்டிருக்கமாட்டாய். இண்டைக்கு எதைத் தொட்டனி?"

முற்றத்தில் எஞ்சின் உறுமியது. செல்வராசாவின் கண் தன்னையறியாமல் அந்தப் பக்கம் ஓடி, கதிர்காமநாதனின் வண்டிப் பின்சில்லில் நின்றது.

அழகம்மா ஓடினாள். சேலை தடுக்கி விழப்பார்த்தாள், விழவில்லை. புறப்பட்டுவிட்ட மோட்டார் சைக்கிளுக்கு முன்னே போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். முன்சில்லு அவள் முழங்காலில் முட்டி நின்றது.

"அக்கா, உங்களுக்கு விசரோ? விலகுங்கோ!"

"எறங்குங்க தம்பி. உங்க காலைப் பிடிக்கிறேன், எறங்குங்க."

அவன் இறங்கினான். அவள் மண்ணில் குந்திப் பின்சில்லின் அச்சு நட்டைத் தொட்டாள். ஸ்பானர் தேவைப்படவில்லை, அவள் இரண்டு விரலுக்கே அது கழன்று வந்தது. அதைக் கதிர்காமநாதனின் கையில் வைத்தாள். செல்வராசா பின்னாலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.