சட்டி விற்கிற சேனல்

ஞானஜோதி மொட்டை மாடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தபோது, நடு அறையில் டிவி பாடிக்கொண்டிருந்தது.

மழை பிடித்துக்கொள்ளும் என்று அவசரமாக மேலே ஏறியவள். ஏறும்போது வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. இருக்கவும் வழியில்லை. நடு அறை டிவியை அவள் நிறுத்தி வாரக்கணக்கில் ஆகிறது. ரிமோட்டிலிருந்த பேட்டரிகளையும் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டாள். அந்த வெற்று ரிமோட் பிளாஸ்டிக் உறையோடு டிவிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பாதி காய்ந்த துணியின் ஈர வாடை மூக்கில் ஏற, வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். திரையில் ஏதோ பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டு. ஒருத்தி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். எதிரே இரும்புக் கட்டில், அதன் மேல் மெத்தை, தலையணை. ஆள் இல்லை.

பாட்டு சேனல் என்றால் தண்ணீர்.

இதை வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. அவளுக்கும் அவள் கணவர் சிட்டிபாபுவுக்கும் மட்டுமே தெரிந்த பாஷை அது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர் சிட்டிபாபு. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. ஒரு பிடி ஆணி வாங்க வந்தவனை நிற்கவைத்து, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் சொல்லிக் களைத்துப்போகச் செய்துதான் அனுப்புவார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாதம் வந்து வலப்பக்கம் மொத்தமும் விழுந்தது. கூடவே பேச்சும் போனது. கடவுளுக்குக் கண்ணில்லை என்று எல்லாரும் சொல்வதை ஞானஜோதி அன்றைக்குத்தான் முழுசாக நம்பினாள்.

மிச்சமிருந்தது இடது கை ஒன்றுதான். அந்தக் கையில் ரிமோட்டைக் கொடுத்தாள். பொழுது போகட்டும் என்றுதான் கொடுத்தாள். அவர் அதையே நாக்காக்கிக்கொண்டார். தாகம் எடுத்தால் பாட்டு சேனல். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற செய்திச் சேனலை வைத்தால், இங்கே வா. பக்திச் சேனல் வந்தால், தூக்கம் வருகிறது, விளக்கை அணை. காமெடி சேனல் ஓடினால், நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ உன் வேலையைப் பார். எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற சட்டியை நாள் பூராவும் கூவிக் கூவி விற்கும் ஒரு சேனல் உண்டு. உதடு ஒரு பக்கம் போகும், தமிழ் இன்னொரு பக்கம் போகும். வாழ்நாளில் அவருக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அந்தச் சேனல்தான். வலிக்கிறது என்பதற்கு அதை வைத்துக்கொண்டார்.

எதை வைத்தும் அவள் வராவிட்டால் வால்யூமை ஏற்றுவார். திரைக்கு அடியில் பச்சைக் கோடு நீண்டுகொண்டே போகும். "வரேன், வரேன், ஊரையே கூட்டாதீங்க" என்று கையை முந்தானையில் துடைத்தபடி அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். தண்ணீரை ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஸ்பூனைப் பல்லால் கவ்விக்கொள்வார். வேண்டுமென்று செய்வதில்லை, வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கன்னத்தைத் தடவி, "விடுங்க சாமி, விடுங்க" என்று கெஞ்சினால்தான் விடுவார்.

ஆவணியில் ஒரு மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்தில் மகன் பரணி எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது, "இனிமே அவருக்குத் தாகம் கெடையாதும்மா, நிம்மதியா போவாரு" என்று ஐயர் சொன்னார்.

இப்போது பாட்டு சேனல் ஓடிக்கொண்டிருந்தது.

பயந்தாளா என்று கேட்டால், பயந்தாள்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். அதே டம்ளர், அதே எவர்சில்வர் ஸ்பூன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய வாய் இருக்க வேண்டிய இடத்துக்கு நேராக ஸ்பூனைச் சாய்த்தாள். தண்ணீர் தலையணையில் விழுந்து ஊறியது. கொஞ்ச நேரத்தில் டிவி தானாகக் காமெடி சேனலுக்கு மாறியது.

ஞானஜோதி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவளுடைய நல்ல நாட்கள் என்றே சொல்ல வேண்டும். அடுப்படியில் வெங்காயம் நறுக்கியபடி இங்கிருந்தே பேசுவாள். "முருங்கைக்கீரை கெடச்சுது, உங்களுக்குத்தான் புடிக்காதே." நடு அறையில் காமெடி சேனலின் சிரிப்புச் சத்தம் எழும். ஞாயிற்றுக்கிழமை சிறுசேரிப் பக்கத்திலிருந்து பரணி வந்தான். அங்கே கம்பெனியில் வேலை, அங்கேயே ஃபிளாட்.

"ம்மா, யாரும்மா இப்போ கேபிள் பாக்குறாங்க? வைஃபை இருக்கு, போன்லயே எல்லாம் வந்துடுது. தயாளன் அண்ணாகிட்ட சொல்லி பாக்ஸைக் குடுத்துடலாம். கட்டிலையும் யாருக்காவது குடுத்துட்டு, நீ எங்களோடயே வந்துடு."

"இருக்கட்டும்டா. சீரியல் பாக்குறேன்."

"நீ எந்தக் காலத்துல சீரியல் பாத்த?"

அவன் எழுந்து போய் டிவியின் சுவிட்சைச் சுவரிலேயே அணைத்துவிட்டு வந்தான். காபியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே மறுபடி சிரிப்புச் சத்தம் கிளம்பியது. ஞானஜோதி பலமாக இருமி அதை மூடினாள். பரணி அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்லும்மா" என்றான். அவள் யோசிக்கவே இல்லை. கேபிளை எடுப்பதென்றால் இன்னொரு தடவை தாலி அறுப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது.

மழை பிடித்துக்கொண்டது. சேலையூர்ப் பக்கமிருந்து தண்ணீர் தெருவில் இறங்கி ஓட, வீட்டுக்குள் சுவரெல்லாம் ஓதம் ஏறி, ஊறிய சுண்ணாம்பும் பழைய தைலமும் கலந்த வாசனை நடு அறையில் தங்கிவிட்டது. அந்த ஈரத்தில்தான் பாட்டு சேனல் அடிக்கடி வரத் தொடங்கியது. காலையில் வரும். ஸ்பூனில் தண்ணீர் கொடுப்பாள். துணி துவைக்க உட்காரும்போது மறுபடி வரும். ஒரு டம்ளர், இரண்டு டம்ளர், சொம்பு. தலையணை சொதசொதவென்று ஊறி, மெத்தை ஊறி, கட்டிலுக்கு அடியில் சொட்டும். பாட்டு நிற்காது. தண்ணீர் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம் சட்டி சேனல் வந்தது.

"பாருங்க, ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை!" என்று திரையில் ஒரு பெண் கூவினாள். அவள் உதடு மூடிய பிறகும் குரல் சிரித்துக்கொண்டே இருந்தது. ஞானஜோதி தைலத்தைக் கையில் ஊற்றி, அவருடைய கால் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தையைத் தேய்த்தாள். மெத்தை மட்டும்தான் இருந்தது. ஜில்லென்று இருந்தது. "எங்க வலிக்குது? இங்கியா? முதுகிலயா?" சட்டிகள் அடுக்கடுக்காக வந்து போயின. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை எரிந்தது. சட்டி சேனல் மாறவில்லை. அன்றைக்கு மாறவில்லை, மறுநாளும் மாறவில்லை. சுவிட்சை அணைத்தால் திரை இருளும். அவள் அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு மறுபடி தொடங்கும்.

காதைப் பொத்திக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தபோது, அந்த மத்தியானம் அவள் நினைவுக்கு வந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவரின் காதில் அவள் சொன்னது. "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க. பேசாட்டியும் பரவால்ல. சேனலையாவது மாத்திக்கினு இங்கியே இருங்க." பாவி, அந்த மனுஷன் அவள் கேட்ட ஒன்றையும் தட்டாதவர். இதையும் தட்டவில்லை. தாகத்தோடும் வலியோடும் அதே கட்டிலில் கிடக்கிறார். இவள் கூப்பிட்டதற்காகக் கிடக்கிறார்.

சிரிக்கிற மனிதரைத்தான் அவள் கேட்டாள். இது வேண்டாம். அவர் போகட்டும். அவள் தனியாகக் கிடந்து சாகட்டும். மூக்கைச் சிந்திவிட்டுக் கேபிள்காரர் தயாளனுக்குப் போன் செய்தாள்.

தயாளன் வருவதற்கு முன் கட்டிலின் அருகே நின்று கைகூப்பினாள். "நான் சொன்னது தப்புங்க. நீங்க கெளம்புங்க. நான் இருந்துக்குவேன். இந்த ஒயர எடுத்துட்டா உங்களுக்கு விடுதல. சரியா?"

சட்டி விற்றவள் பாதிச் சிரிப்பில் மறைந்தாள். திரையில் பக்திச் சேனல். ஏதோ கோயிலில் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார்கள். தூக்கம் வருகிறது, விளக்கை அணை. ஞானஜோதிக்கு நெஞ்சு விட்டுப்போனது. ஆனாலும் அவர் சம்மதித்துவிட்டார் என்று ஒரு நிம்மதி.

தயாளன் மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். "இன்னாக்கா, அண்ணன் இருக்கசொல்லோ இந்த ரூமுல எப்பவும் சத்தம் கேட்டுகினே இருக்கும். நெசமாவே எடுத்துடவா? நல்லா யோசிச்சுக்கோ."

"எடுத்துடு தயாளா."

அவர் குனிந்து பாக்ஸின் பின்னால் கையை விட்டார். அவர் விரல் ஒயரைத் தொட்ட கணம் தீபாராதனை போய்ச் செய்திச் சேனல் வந்தது. நாலு பேர் கத்தினார்கள். உடனே அடுத்த செய்திச் சேனல். அதற்கடுத்தது. எல்லாம் வாயைத் திறந்த முகங்கள்.

இங்கே வா. இங்கே வா. இங்கே வா.

"ரிமோட்ட அமுக்கினியாக்கா?"

அவள் "இரு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஒயர் கையோடு வந்துவிட்டது. திரை இருண்டது. தயாளன் பாக்ஸை ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே வந்திருந்த கேபிளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, "வர்றேன்க்கா, ஒடம்ப பாத்துக்கோ" என்று மழையில் இறங்கிப் போனார்.

அந்தி சாய்ந்தது. சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து நடு அறை வாசலில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. மாடி விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம், எங்கோ தவளைகள், தாம்பரம் பக்கமாகப் போகிற ரயிலின் லேசான அதிர்வு. வேறு எதுவும் இல்லை. அவர் போய்விட்டார். இந்த அமைதியைத்தான் அவருக்குக் கொடுத்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லி அழுதாள்.

'டொக்' என்றது டிவி.

திரை நீலமானது. சிக்னல் இல்லை என்ற சின்னக் கட்டம் மூலைக்கு மூலை மிதந்தது. பாட்டு இல்லை. சட்டி இல்லை. முகங்கள் இல்லை. அடியில் பச்சைக் கோடு ஒன்று முளைத்தது.

கோடு ஒரு படி ஏறியது. இன்னொன்று. இன்னொன்று.

சத்தமே வரவில்லை. கோடு மட்டும் நீண்டது.

"என்னங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "தண்ணியா? வலிக்குதா? என்ன வேணும், சொல்லுங்க."

சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. இருந்ததையெல்லாம் தயாளன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எடுக்கச் சொன்னது அவள். கோடு பாதித் திரையைத் தாண்டியது. முக்கால். கடைசிவரை போய் முட்டியது. முட்டிய பிறகும் துடித்தது. அமுக்கிய பொத்தானை விடாமல் அமுக்குகிற மாதிரி துடித்தது.

அவர் போகவில்லை.

ஓடினாள். டம்ளர். ஸ்பூன். ஓடிய வேகத்தில் பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டியது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நீல வெளிச்சத்தில், மாற்றிப்போட்ட தலையணை காய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம். தலை அளவுக்கு.

"இந்தாங்க. குடிங்க. ஜோதிதான்."

ஸ்பூனைச் சாய்த்தாள்.

தண்ணீர் தலையணையில் விழவில்லை.

ஸ்பூனை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். எவர்சில்வரில் பல் உரசுகிற சத்தம் கேட்டது. அவளுடைய இடது கை, எத்தனையோ தடவை செய்து பழகிய கை, தானாக நீண்டு அவருடைய கன்னம் இருக்க வேண்டிய இடத்தைத் தடவியது.

"விடுங்க சாமி. விடுங்க."

விரலில் ஈரம் பட்டது.

ஞானஜோதி ஸ்பூனை விட்டுவிட்டுக் கையை எடுத்தாள். பச்சைக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. ஸ்பூன் கீழே விழவில்லை.