மஹ்பூபியின் பச்சைத் துப்பட்டா

ஆம்பூரில், தோல் கிடங்குக்குப் பின்னால் இருந்த தெருவில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. ஒரு வீட்டு வாசலில் பச்சைத் துணி தொங்கினால், உள்ளே நோயாளி தூங்குகிறார் என்று பொருள். அவ்வளவுதான், தெருவே வாயை மூடிக்கொள்ளும். பெண்கள் கொலுசில் கந்தல் சுற்றுவார்கள். ஆண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். தோல் வண்டிக்காரர்கள் மாட்டின் மணியைக் கழற்றிவிடுவார்கள்.

அன்று மஹ்பூபி தன் துப்பட்டாவைத் துவைத்தாள். கொல்லையில் கொடி அறுந்து கிடந்ததால் வாசல் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். அது பச்சை நிறம் என்பதையே மறந்துவிட்டாள்.

சற்று நேரம் கழித்து வெளியே வந்தாள். வேர்க்கடலை விற்கும் கவுஸ் பாஷா கூவாமல், செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா, யாருக்குக் காய்ச்சல்?" என்று கிசுகிசுத்தார்.

மஹ்பூபிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது வந்து மாமா..."

"பாவம்!" என்று ஒரு பிடி கடலையை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்தால் தெருவே சிரிக்கும். அவள் அவசரமாகத் துப்பட்டாவை உருவினாள்.

அப்போது எதிர்வீட்டு அமிர்தவள்ளி வெளியே வந்தாள். திமிரியிலிருந்து குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அவளுடைய கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல்.

"ரெண்டு நாளா கண்ணே மூடல. இப்பதான் தூங்குறான்" என்றாள் மெதுவாக. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"அக்கா, நீங்க ஏன் பச்சைத் துணி கட்டல?"

"பச்சைத் துணியா? அது இன்னாத்துக்கு?"

புதிதாக வந்தவளுக்கு யாருமே சொல்லவில்லை!

தெருமுனையில் ஒரு தோல் வண்டி நின்றது. மஹ்பூபியின் வாசலில் துணி இல்லாததைப் பார்த்த வண்டிக்காரர், சற்று முன் துணியைக் கண்டு கழற்றிய மணியை மறுபடி மாட்டின் கழுத்தில் கட்டத் தொடங்கினார்.

மஹ்பூபி ஒரே ஓட்டமாக ஓடி, எதிர்வீட்டு வாசலில் துப்பட்டாவைக் கட்டினாள்.

வண்டிக்காரர் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மணியை மறுபடியும் அவிழ்த்தார். வண்டி சத்தமில்லாமல் கடந்து போனது. குழந்தை அசையவே இல்லை.

மஹ்பூபி மெல்ல வீடு திரும்பினாள்.

"துப்பட்டா எங்கடி?" என்று கத்தப்போன அம்மா, எதிர்வாசலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"வேலைக்குப் போயிருக்கும்மா" என்று கிசுகிசுத்தாள் மஹ்பூபி. "குழந்தை எழுந்ததும் வந்துடும்."