காண்டெசாவுக்குப் புதுக் கமான்

காலை ஏழு இருபது பேருந்தில் முடிதிருத்துநர் ஒருவர் பயணியின் தொண்டையில் கத்தி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். பேருந்தின் வேகம் மணிக்கு நூற்றிருபது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் செங்கோடன், விளிம்புவரை நிரம்பிய டீ டம்ளரோடு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார். 2084-இல் கோவைப் பக்கம் டம்ளரை முக்கால் அளவு நிரப்பிக் கொடுத்தால் கஞ்சன் என்று பெயர்.

எல்லாம் சமனியின் உபயம். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஒன்று உண்டு. சக்கரம் பள்ளத்தில் இறங்குமுன்பே மோப்பம் பிடித்து, இருக்கையை அந்தரத்தில் நிறுத்திவிடும்.

"ஒத்தப்பனைப் பாலத்துல தினம் ரெண்டு தடவை போறேன். ஒரு சொட்டு சிந்துனதில்ல. அதுக்கு என்ன கேடுங்கறே?" என்பார் மனைவியிடம்.

மனைவி வஞ்சிக்கொடிக்கு அந்தப் பாலத்தின் அடியில்தான் நாற்றுப்பண்ணை. மேலே போகிறவர்களுக்குத் தெரியாத பாலத்தின் வயிறு அவளுக்குத் தெரியும். போன மாதம் ஐந்து கிலோ கான்கிரீட் துண்டு மல்லிகைப் பாத்தியில் விழுந்தது. பத்து நொடிக்கு முன்பு அதே இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், நாலாவது தூணுக்கு மேலே துருக்கம்பி பல்லிளித்தது.

சாலைகளைக் கவனிக்கும் சமவழி ஆணையத்துக்குப் பத்தொன்பது புகார். பத்தொன்பதுக்கும் ஒரே பதில்: 'குலுங்கெண் பூஜ்யம். பாலம் நலம்.'

குலுங்கெண் என்பது பயணியின் உடல் எவ்வளவு ஆடுகிறது என்ற கணக்கு. எல்லோர் மணிக்கட்டிலும் இருக்கும் நாடிக்காப்பு அதை அளந்து ஆணையத்துக்கு அனுப்பும். ஒருவருக்கு ஒரே ஒரு முறை நாற்பதைத் தாண்டினாலும் போதும், சாலை தானாகவே மூடிக்கொள்ளும். பழுது பார்க்காமல் மந்திரி வந்தாலும் திறக்காது. நல்ல சட்டம். ஆனால் சமனி வந்த நாளிலிருந்து யார் உடம்பும் ஆடவில்லை. சாலையை யாரும் தொடவும் இல்லை.

சமனி இல்லாமல் ஓட ஒரே ஓர் இனத்துக்கு அனுமதி இருந்தது: தொல்வண்டி. வஞ்சியிடம் அப்படி ஒன்று இருந்தது. அப்பா விட்டுப்போன 1987 காண்டெசா கார். நீளமான மூக்கு, அகன்ற தோள், பயில்வான் நடை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஆணையத்தின் சோதனைத் தளத்தில், கண்ணாடி மாதிரித் தரையில், குலுங்கெண் பத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் கோளாறு வண்டியுடையது, சாலையுடையது அல்ல.

முதல் சோதனையில் ஐம்பத்திரண்டு வந்தது.

"இது வண்டியில்லீங்க, உரலு" என்று இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார் தணிக்கையர் மயில்வாகனன். "பேசாம ஒரு சமனிய மாட்டுங்கம்மா. அஞ்சு நிமிசத்துல பாஸ் போட்டுடறேன்."

"மாட்ட மாட்டேனுங்க சார்."

"அப்புறம் ஓட்டவே முடியாதுங்க."

"ஓட்டிக் காட்டறேனுங்க."

மெக்கானிக் சலீமாவின் பட்டறைச் சுவரில் வஞ்சி சாக்பீஸால் திட்டம் எழுதினாள். உளுத்துப்போன ரப்பர் புஷ் மொத்தமும் மாற்று. பின்பக்கக் கமானின் வில்பட்டைகளில் ஒன்று விரிசல், மற்றவை தொய்வு. புதிதாக வளைத்து அடுக்கு. எண்ணெய் கக்கும் ஷாக் அப்சார்பர் நாலும் வெளியே. முன்பக்கச் சுருள் வில்லுக்குப் புது உயிர்.

"நல்ல ரோட்டுல பட்டு மாதிரிப் போகணும் சலீமா. கெட்ட ரோட்டுல பொய் சொல்லக் கூடாது."

மூன்று வாரத்தில் சலீமா முடித்துவிட்டாள். பட்டறைச் சந்தில் இரண்டு செங்கல் வைத்து, வஞ்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏற்றி இறக்கினாள். நாடிக்காப்பு ஆறு காட்டியது.

"பாத்தியாக்கா? வெண்ணெய்!"

வஞ்சியின் முகம் கறுத்தது. "செங்கல் மேல ஏறியும் ஆறா? அடியில என்ன வெச்சே?"

சலீமா தலையைச் சொறிந்தாள். சொல்லாமலே கமானுக்கடியில் இரட்டை ரப்பர் மெத்தை கொடுத்திருந்தாள். அவள் தொழில் பழகிய காலத்தில் மெக்கானிக் என்றால் அதிர்வைக் கொல்பவர். கை தானாகச் செய்துவிட்டது.

"குலுங்குனா என் மானம் போயிருமேக்கா!"

"குலுங்காததுனாலதான்டி ஊரே போகப் போகுது. கழட்டு."

கழற்றினாள். சமதரையில் நாலு. செங்கலில் முப்பத்துமூன்று. வண்டி உண்மை பேச ஆரம்பித்திருந்தது.

"பாலத்துக்கு நான் கூட உக்காந்து வரேன்" என்றாள் சலீமா. ஓட்டுபவரின் காப்பு கணக்கில் வராது.

"உன் காப்பு சொன்னா வண்டிக் கோளாறும்பாங்க. கையெழுத்துப் போட்டவரு காப்பே சொல்லட்டும்."

மறுநாள் மாலை நாலு மணிக்கு மயில்வாகனன் சான்றில் கையெழுத்திட்டார். குலுங்கெண் நாலு. "அசத்திட்டீங்க போங்க!"

"ஏறுங்க சார், ஆபீஸ்ல விட்டுடறேன். வழிதானே."

அவர் விளிம்புவரை நிரம்பிய டம்ளரோடு ஏறினார். பழக்கதோஷம்.

பாலம் வந்தது. வஞ்சி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். விடவில்லை. முதல் தூண். இரண்டாவது. காண்டெசா முனகியது. மூன்றாவது தூணில் மயில்வாகனன் கைப்பிடியைத் தேடினார். நாலாவதில் யாரோ அடியிலிருந்து எட்டி உதைத்தது போல ஓர் இடி.

டீ மொத்தமும் அவர் மடியில்.

"ஐயோ! என்னம்மா இது?"

அவர் மணிக்கட்டு சிவப்பாக மின்னியது. நாற்பத்தேழு. பாலத்தின் இரு முனையிலும் தடுப்புகள் இறங்கின. மேலே இருந்த வண்டிகள் எல்லாம் நின்ற இடத்தில் உயிரை விட்டன. காண்டெசா மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதை அணைக்க ஆணையத்திடம் சாவி இல்லை.

"வண்டிக் கோளாறு!" என்று கத்தினார். "வண்டிக் கோளாறுன்னு எழுதிடறேன்!"

"அரை மணி முன்னாடி நாலுன்னு எழுதுனீங்க சார். கையெழுத்தோட."

"உங்க அனுமதிய ரத்து பண்ணிடுவேன்!"

"பண்ணுங்க. மொதல்ல கரைக்கு நடங்க. நின்னு பண்ற இடமில்ல இது."

நாலு வண்டி பின்னால், மில்லிலிருந்து திரும்பும் பேருந்துக்குள் செங்கோடன் எரிச்சலோடு நிமிர்ந்தார். முன்னால் பழைய வண்டியின் அகன்ற தோள் தெரிந்தது. அடையாளம் தெரிந்தது. 'இவளுக்கு இதே வேலை' என்று முனகியபடி டம்ளரை எடுக்கக் கை நீட்டினார்.

கை பாதியில் நின்றது.

பேருந்து அசையவில்லை. அதன் சமனி அணைந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. எதிர்த்தடத்து லாரிகளும் நின்றுவிட்டன. டம்ளரில் டீ மட்டும் வட்டம் வட்டமாக நடுங்கி, விளிம்பைத் தாண்டி வழிந்தது.

இருபது வருடமாக, ஆடும் இந்தப் பாலத்தின் மேல்தான் டீ குடித்திருக்கிறார்.

செங்கோடன் டம்ளரை விட்டுவிட்டு எழுந்தார். "எல்லாரும் எறங்குங்க" என்றார். யாரும் அசையவில்லை. திரும்பும்போதும் கூட வரும் அதே முடிதிருத்துநர் அடுத்த கன்னத்துக்கு நுரை தடவிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார் செங்கோடன்.

"எறங்குங்கய்யா! எம் பொண்டாட்டி சொல்றா!"