இரண்டு பென்னிப் பிரசுரம்

காலைக் கஞ்சி ஆறுவதற்குள் வாசலில் வந்து நின்ற பெண் வணக்கமும் சொல்லவில்லை, தலையும் குனியவில்லை. "ஆம்ப்ரோஸ் கெல்லோ, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றாள்.

ஆம்ப்ரோஸ் இருபது வருடம் அந்த வட்டாரத்தின் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வெதர்ஃபோர்டு ஊரே அவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றும். அவரைப் போய் 'உன்னை' என்றால்? அவருடன் வசிக்கும் விதவைத் தங்கை டார்கஸுக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, மரியாதைன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கியா?"

"விடு டார்கஸ். குவேக்கருங்க ராஜாவையே நீன்னுதான் கூப்பிடுவாங்க. நான் எந்த மூலைக்கு?" ஆம்ப்ரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. கையுறைக் கடை ஜெத்ரோ வார்டலோட சம்சாரம் ஹெப்ஸிபாதானே நீ?"

அவள் உட்கார்ந்தாள். முகத்தில் அழுகை இல்லை.

ஜெத்ரோ கையுறை தைப்பான். மற்ற நேரத்தில், அரசு ஒடுக்கி வந்த குவேக்கர் என்ற தன் கிறிஸ்தவப் பிரிவைப் பற்றிப் பிரசுரம் எழுதி, அதையும் கடையிலேயே விற்பான். அதற்காக இரண்டு தடவை சந்தையில் வைத்துச் சாட்டையால் அடித்திருக்கிறார்கள், ஒரு தடவை சிறையில் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. இந்த முறை வந்திருப்பது வேறு. ஜெத்ரோ பெயர் போட்ட ஒரு பிரசுரத்தில் 'அரசனுக்கு எதிராக வாளை எடுங்கள்' என்று அச்சாகியிருந்தது.

"ராஜத் துரோகம்கறாங்க. நாளைக்குக் காலையில மாஜிஸ்ட்ரேட் முன்னாடி விசாரணை. மேல்கோர்ட்டுக்கு அனுப்பிட்டா தூக்குதான். ஆம்ப்ரோஸ், ஜெத்ரோ அதை எழுதலை. நாங்க வாளைத் தொடுற ஆளுங்களே இல்லை."

"எழுதலைன்னு அவன் சொன்னானா?"

"சொன்னான். பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்ணுன்னாங்க. மாட்டேன்னுட்டான்."

"அட கடவுளே!" டார்கஸ் கரண்டியைக் கீழே போட்டாள். "கழுத்து போகப்போகுது. ஒரு சத்தியம் பண்ணினா என்ன குறைஞ்சு போச்சு?"

"சத்தியம் பண்ணிச் சொல்றதுதான் உண்மைன்னா, மத்த நேரம் பேசுறதெல்லாம் பொய்யா? எங்க வாயில எப்பவும் ஒரே பேச்சுதான், டார்கஸ். அதனால சத்தியம் பண்ண மாட்டோம்."

அவள் போன பிறகும் டார்கஸுக்கு ஆறவில்லை. "பிடிவாதம் பிடிச்ச கூட்டம் அண்ணே! போன குளிர்ல ஒரு ஜோடி கையுறைக்கு அந்தக் கடையில அரை மணி நேரம் பேரம் பேசினேன். தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம். ஒரு காசு இறங்கலையே அந்த மனுஷன்! கடைசியில சொன்ன விலையைக் குடுத்துத்தான் வாங்கிட்டு வந்தேன். நல்ல கையுறைதான், அது வேற விஷயம்."

ஆம்ப்ரோஸ் சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டினார். டார்கஸ் அவருக்கு முன்னால் வாசலைத் தாண்டியிருந்தாள்.

நகர மன்றத்தில் எழுத்தர் பழைய பழக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, அந்தப் பிரசுரத்தை எடுத்துக் காட்டினார். பதினாறே பக்கம், உள்ளங்கை அகலம். கூடவே, புகார் கொடுத்த ரேஃப் ஸ்கட்டரின் வாக்குமூலத்தையும் படித்தார். ஸ்கட்டர் சந்தை சந்தையாகக் கதைத்தாள் விற்பவன். இப்போது குவேக்கர்களைக் காட்டிக்கொடுப்பதுதான் அவனுடைய முக்கியத் தொழில்.

"'செவ்வாய்க்கிழமை காலையில வார்டல் கடைக்குப் போனேன். பிரசுரத்துக்கு மூணு பென்னி சொன்னான். பேரம் பேசி ரெண்டு பென்னிக்கு வாங்கினேன். அங்கேயே நின்னு படிச்சேன். பதினோராம் பக்கத்துல, வாளை எடுங்கன்னு இருந்துச்சு. உடம்பு பதறிப்போய் நேரா மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கு ஓடினேன்.' இவ்வளவுதாங்க ஐயா."

ஆம்ப்ரோஸ் தாள்களின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "ஓரமெல்லாம் ஏன் இப்படிப் பிசிறு பிசிறா இருக்கு?"

"அதுவா? அச்சடிச்ச தாளை மடிச்சுத் தைச்சதோட சரி, மடிப்பை வெட்டலை. மாஜிஸ்ட்ரேட் கையில குடுத்தப்போ மேலயும் பக்கத்துலயும் பை மாதிரி மூடிக் கிடந்தது. நான்தான் பேனாக்கத்தியால கீறினேன்."

"பதினோராம் பக்கத்தையுமா?"

"அதையும்தான்."

படியில் இறங்கும்போதே டார்கஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே! மடிப்பையே பிரிக்காதவன் உள்ளே இருக்கிறதை எப்படிப் படிச்சான்? அச்சாகும்போதே தெரிஞ்சிருந்தாத்தானே உண்டு! பய மாட்டினான்!"

"கீழ்ப்பக்கமா விரிச்சு எட்டிப் பார்த்தேன்னு சொல்லிட்டா?"

டார்கஸின் முகம் தொங்கிப்போனது. "அப்ப வேற என்ன இருக்கு?"

"காலையில நீ சொன்னது இருக்கே."

"நான் என்ன சொன்னேன்? நல்ல கையுறைன்னு சொன்னேன்..." வீடு வரும்வரை அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மன்றத்தில் ஊசி விழ இடமில்லை. மாஜிஸ்ட்ரேட் சர் ஹம்ஃப்ரி டாலிஸ், கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் எறிந்துவிட்டு உட்கார்ந்தார். குவேக்கர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதை அவர் ஒளித்ததும் இல்லை. யாருக்கும் தொப்பி கழற்றாத குவேக்கர் வழக்கப்படி, ஜெத்ரோ தொப்பியோடு வந்து நின்றான். சேவகன் அதைத் தட்டிவிட்டான். ஹெப்ஸிபா அதை எடுத்துத் தூசி தட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டே ரெண்டு கேள்விக்கு அனுமதி வேணும்" என்று ஆம்ப்ரோஸ் எழுந்தார். "ஸ்கட்டர், மடிப்பு வெட்டாத பிரசுரத்துல பதினோராம் பக்கத்தை எப்படிப் படிச்சே?"

"கீழே விரிச்சு எட்டிப் பார்த்தேனுங்க. துரோகம் எங்க ஒளிஞ்சிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது."

டார்கஸ் பல்லைக் கடித்தாள். அண்ணன் சொன்னபடியே ஆயிற்று.

"சரி. மூணு பென்னி சொன்னதை ரெண்டுக்கு இறக்கினியாமே? கஷ்டப்பட்டியா?"

ஸ்கட்டர் நெஞ்சை நிமிர்த்தினான். "முதல்ல முறுக்கினான். நான் கடையை விட்டு இறங்கினதும் பின்னாடியே ஓடி வந்து கூப்பிட்டான். என்கிட்ட நடக்குமா?"

பின்வரிசையில் ஒரு மீன்காரி களுக்கென்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. டார்கஸுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "அடப்பாவி!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் ஸ்கட்டர், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொருவர் சர் ஹம்ஃப்ரி.

"சர் ஹம்ஃப்ரி, மேஜைமேல இருக்கிற கையுறை எந்தக் கடையில வாங்கினது?" என்று ஆம்ப்ரோஸ் பணிவாகக் கேட்டார்.

சர் ஹம்ஃப்ரியின் காது சிவந்தது. "...வார்டல் கடை."

"குறைச்சுக் கேட்டீங்களா?"

"கேட்காம இருப்பேனா? நான் யாருன்னுகூடப் பார்க்கலையே இந்தப் படுபாவி! அரை பென்னி இறங்கலை! கடையை விட்டு இறங்கிப் பார்த்தேன், கூப்பிடவே இல்லை! நானே திரும்பிப் போய்..." அவர் பாதியில் நிறுத்தினார். தன் வாயால் தானே சாட்சி சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்துவிட்டது.

ஆம்ப்ரோஸ் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இவங்க பேரம் பேசாதது பிடிவாதத்தால இல்லை. மூணுன்னு சொல்லி ரெண்டுக்குக் குடுத்தா, முதல்ல சொன்ன மூணு பொய்யாகுது. பொய்க்குப் பயந்து சத்தியம்கூடப் பண்ணாத ஆளு, ஒரு பென்னிக்காகவா பொய் சொல்லுவான்? இந்த ஊர்ல அந்தக் கடைப் படி ஏறின எல்லாருக்கும் இது தெரியும். ஸ்கட்டருக்குத் தெரியலை, ஏன்னா அவன் அந்தப் படியை மிதிச்சதே இல்லை. சந்தையில எல்லாரும் பேசுற பேரத்தை அவனும் பேசினதாச் சேர்த்துக்கிட்டான். கடையில வாங்காத பிரசுரம் அவன் கைக்கு எப்படி வந்தது? மடிப்பு பிரியாமலே உள்ளே இருக்கிறது எப்படித் தெரிஞ்சது? அவன் கதைத்தாள் வாங்குற அச்சுக்காரனைக் கேட்டாத் தெரிஞ்சுடும்."

அச்சுக்காரனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சர் ஹம்ஃப்ரி மேஜையில் ஒரு குத்துக் குத்தியதும் ஸ்கட்டர் கருணை கேட்டு அலறினான். குற்றம் நிரூபணமானால் கடைச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு காட்டிக்கொடுத்தவனுக்கு. அந்த ஆசையில் தானே எழுதி, பக்கத்து ஊரில் அச்சடித்ததாக உளறிக் கொட்டினான்.

டார்கஸ் ஹெப்ஸிபாவைக் கட்டிக்கொண்டாள். தூக்கு தப்பியது! எழுத்தர் மட்டும் சர் ஹம்ஃப்ரியின் காதில் ஏதோ சொன்னார். அவர் ஜெத்ரோவைப் பார்க்காமலே பேசினார்.

"துரோகம் போச்சு. ஆனா சந்தேகத்துல வந்தவன் ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் வெளியே போகணும். சட்டம். ரெண்டு வரி. சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

"விசுவாசமாத்தான் இருக்கேன், ஹம்ஃப்ரி. சத்தியம் மட்டும் கேட்காதே."

"சொல்லித் தொலையேன்யா!" என்று டார்கஸ் கத்தினாள். ஜெத்ரோ அவளைப் பார்த்துப் புன்னகை செய்தான். அவ்வளவுதான். சத்தியம் செய்யும்வரை சிறை என்று தீர்ப்பாயிற்று. வெளியே வாசலில் ஆம்ப்ரோஸ் தன் தொப்பியைக் கழற்றி, ஜெத்ரோ தன்னைக் கடந்து போகும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த வாரம் டார்கஸ் தனியாகக் கடைக்குப் போனாள். ஹெப்ஸிபா கையுறை தைத்துக்கொண்டிருந்தாள். ஜெத்ரோ உண்மையிலேயே எழுதிய பிரசுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, டார்கஸ் ஆறு பென்னியை மேஜைமேல் வைத்தாள்.

ஹெப்ஸிபா நாலு பென்னியைத் திருப்பித் தள்ளினாள். "ரெண்டுதான்."

"நாலையாவது எடுத்துக்கோ."

"ரெண்டு."

"சரி, மூணு! எனக்காக!"

"ரெண்டு, டார்கஸ்."

வாழ்நாளில் முதல்முறையாக விலையை ஏற்றிக் கேட்டுப் பேரம் பேசிய டார்கஸ், அதிலும் தோற்றாள். மிச்சக் காசைப் பையில் போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கத்தரி இருந்தாக் குடும்மா" என்று வாங்கி, பிரசுரத்தின் மடிப்பை ஒவ்வொன்றாக வெட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.